ஒரே சர்வரில் வெப்சைட்டும் மெயிலும்: ஸ்பேம் வெளியேறிய நிகழ்வு ஒன்றின் ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் சர்வர் குறிப்பிட்ட ஒருவருடையது அல்ல. சிறிய ஹோஸ்டிங்கில் அடிக்கடி காணப்படும் அமைப்பின் மாதிரி இது. எண்களும் அந்த மாதிரிக்கு உரியவை. 2 சிபியு, 4 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. எஞ்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஹெச்பி-எஃப்பிஎம் (பிஹெச்பி நிரல்களை ஓட்டுவது), மரியாடிபி (டேட்டாபேஸ்) ஆகியவற்றின் மேல் 12 வேர்ட்பிரஸ் தளங்கள். அதே இயந்திரத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டோவ்காட் (பாஸ்வேர்டைச் சரிபார்த்துப் பெட்டிகளைத் திறப்பது), ஆர்ஸ்பேம்டி (ஸ்பேம் வடிகட்டி), அந்த 12 டொமைன்களின் மெயில் பெட்டிகள். பொது ஐபி ஒன்றுதான். 12 தளங்களும் டெபியன் தரும் இயல்பான வெப் யூசரிலேயே, அதாவது யுஐடி (யூசர் எண்) 33இல், ஓடுகின்றன. கடைசி இரண்டு விவரங்களும்தான் பின்னால் வந்த தொல்லை எல்லாவற்றுக்கும் வழிவிட்டன.

புகார்கள் வந்த வரிசை

முதல் புகார் மெயிலைப் பற்றியதே அல்ல. தளங்கள் மெதுவாகத் திறக்கின்றன, இடையிடையே 502, 504 பிழைகள் வருகின்றன என்பதுதான். எஃப்பிஎம் லாகைத் திறந்தால் மேக்ஸ்_சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஹெச்பி பிராசஸ்களின் எண்ணிக்கை) எல்லையைத் தொட்டுவிட்டதாக எச்சரிக்கை. உடனே அந்த எண்ணைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் ஸ்பேம் அனுப்பும் ஸ்கிரிப்டுக்கே கூடுதல் இடம் கிடைக்கும். அந்த நேரத்தில் எந்த யூஆர்எல்லுக்கு அதிகமாக போஸ்ட் (தரவு அனுப்பும்) கோரிக்கை வருகிறது என்று ஆக்சஸ் லாகில் பார்த்திருந்தால் விடை அப்போதே கிடைத்திருக்கும்.

அடுத்த புகார், ஜிமெயிலுக்கு அனுப்பும் மெயில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறது என்பது. கியூவில், அதாவது போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் வரிசையில், அப்போது 60,000 மெயில்கள். போஸ்ட்ஃபிக்ஸின் ஆக்டிவ் கியூ (இப்போதே அனுப்ப எடுத்தவை) இயல்பாக 20,000 மெயில்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அந்த இடங்களை ஸ்பேம் பிடித்துக்கொண்டால், வாடிக்கையாளரின் நல்ல மெயில் இன்கமிங் கியூவில் முறைக்காகக் காத்துக் கிடக்கும். ஒவ்வொரு கியூ கோப்பையும் போஸ்ட்ஃபிக்ஸ் எஃப்சிங்க் செய்தே (டிஸ்கில் உண்மையில் பதியும்வரை காத்திருந்தே) எழுதுவதால் டிஸ்க் காத்திருப்பு ஏறுகிறது. டேட்டாபேஸும் அதனால் இழுபடுகிறது. வெப்சைட் மெதுவானதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக உள்வரும் மெயிலும் நின்றது. வெளியிலிருந்து அனுப்பியவர்களுக்கு 452 4.3.1, போதிய இடமில்லை என்ற பதில் போயிருக்கிறது. மெயில் அளவு வரம்பின் ஒன்றரை மடங்கு இடம் டிஸ்கில் இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் புதிய மெயிலை ஏற்காது. இயல்பான வரம்பு 1,02,40,000 பைட்; எனவே ஏறத்தாழ 15 எம்பி. இத்தனை இடம் எங்கே போயிற்று? கியூ கோப்புகள் சிறியவை. ஐநோடும் (கோப்புக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவு) தீரவில்லை: 16 கேபிக்கு ஒன்று என்ற இஎக்ஸ்டி4 கோப்பு முறையின் இயல்புப்படி 40 ஜிபி டிஸ்கில் சுமார் 26 லட்சம் ஐநோடுகள் இருக்கும், ஒரு டிஃபர்டு (தள்ளிப்போன) மெயிலுக்கு இரண்டு வீதம் 60,000 மெயில்களுக்கு 1.2 லட்சமே செலவு. இடத்தைத் தின்றவை லாகும் ரூட் (நிர்வாக யூசர்) பெட்டியும். தள்ளிப்போன மெயிலை மறுமுறை முயலும் இடைவெளி 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை நீளும். 4000 விநாடிக்கு ஒருமுறை என்றாலும் 60,000 மெயில்களுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 13 லட்சம் லாக் வரிகள். வரிக்கு 300 பைட் வைத்தால் 390 எம்பி. ஆர்சிஸ்லாக் (லாக் எழுதும் நிரல்) இருக்கும் டெபியனில் அதே வரி சிஸ்லாக், மெயில் லாக், ஜர்னல் (சிஸ்டம்டியின் சொந்த லாக்) என மூன்று இடங்களில் விழும். பவுன்ஸ்கள் (அனுப்ப முடியவில்லை என்று திரும்பி வந்த மெயில்கள்) வெப் யூசரின் முகவரி வழியாக ரூட் பெட்டியில் குவிந்திருந்தன.

முதலில் நிறுத்துவது

சர்வரை அணைத்தால் 12 டொமைன்களின் உள்வரும் மெயிலும் நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தினாலும் அப்படியே. வெளியே போவதை மட்டும் நிறுத்த ஒரே வரி போதும்: மெயின்.சிஎஃப் கோப்பில் டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் = எஸ்எம்டிபி என்று வைத்து ரீலோட் செய்ய வேண்டும். உள்ளூர்ப் பெட்டிகளுக்கான விநியோகம் வழக்கம்போல் நடக்கும். வெளியே போக வேண்டியவை கியூவில் தங்கும். இந்த நிலையில் கியூவை ஃப்ளஷ் செய்யும் (எல்லாவற்றையும் உடனே அனுப்ப முயலும்) கட்டளையை யாரும் தட்டிவிடக் கூடாது. தட்டினால் தடையை மீறி எல்லாம் புறப்பட்டுவிடும்.

அடுத்து போஸ்ட்சூப்பர் -ஹெச் ஆல். கியூவில் இருப்பவை எல்லாம் ஹோல்டுக்கு (நிறுத்திவைப்புக்கு) போகும். ஹோல்டில் இருக்கும்வரை ஐந்து நாள் காலாவதிக் கணக்கு அவற்றைத் தொடாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடும் சபலம் இந்த இடத்தில்தான் வரும். 60,000 மெயில்களுக்கு இடையே யாரோ ஒருவரின் விலைப்பட்டியலும் பாஸ்வேர்டு மீட்பு மெயிலும் இருக்கின்றன. தவிர, ஸ்பேம் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கான சான்றும் அந்தக் கோப்புகளில்தான் உள்ளது.

மூன்றாவது, விபிஎஸ் ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்து முழு நகல்). லாகை வேறு இயந்திரத்துக்கு நகல் எடுப்பதும் இப்போதே. ஜர்னல் இயல்பாக 30 விநாடிக்குள் ஒரு சர்வீஸிலிருந்து 10,000 வரி அளவில் வந்தால் மீதியை விட்டுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். லாகில் வரி இல்லை என்பதாலேயே மெயில் போகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

யார் அனுப்பியது

கியூஷேப் கட்டளை பெறுநர் டொமைன் வாரியாகவும் வயது வாரியாகவும் கியூவைக் காட்டும். ஒரே டொமைன் வரிசை மட்டும் கனத்திருந்தால் சிக்கல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில். நூற்றுக்கணக்கான டொமைன்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறியிருந்தால் அது ஸ்பேமின் சாயல். -எஸ் சேர்த்து அனுப்புநர் வாரியாகப் பார்த்தபோது சர்வரின் சொந்த ஹோஸ்ட்நேமே முதலிடத்தில் இருந்தது. அதற்கு அடுத்து, அனுப்புநர் இல்லாத பவுன்ஸ்கள்.

ஒரு கியூ ஐடியை எடுத்து மெயில் லாகில் தேடினால் அதன் முதல் வரி பின்வரும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். பிக்கப் வரியில் யுஐடி இருந்தால், சர்வருக்குள் ஓடும் ஏதோ ஒரு நிரல் சென்ட்மெயில் கட்டளையை அழைத்திருக்கிறது. எஸ்எம்டிபிடி (நெட்வொர்க் வழியே மெயில் வாங்கும் பகுதி) வரியில் எஸ்ஏஎஸ்எல் (பாஸ்வேர்டு சரிபார்ப்பு) யூசர்நேம் இருந்தால், யாரோ பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்திருக்கிறார். எஸ்எம்டிபிடி வரியில் கிளையன்ட் 127.0.0.1 (அதே சர்வர்) என்று மட்டும் இருந்தால், ஸ்கிரிப்ட் உள்ளூர் 25ஆம் போர்ட்டுக்கு (மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் வாசல்) நேரே பேசியிருக்கிறது. மைநெட்வொர்க்ஸ் (நம்பகமான முகவரிகள்) பட்டியலில் உள்ள முகவரி என்பதால் பாஸ்வேர்டு கேட்கப்படவில்லை. நான்காவது வகைக்கு லாகே இராது: ஸ்கிரிப்ட் போஸ்ட்ஃபிக்ஸைத் தொடாமல் வெளி சர்வர்களின் 25ஆம் போர்ட்டுக்குத் தானே போகும். கியூ காலியாக இருந்தும் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இங்கே கிடைத்தது பிக்கப், யுஐடி 33. 12 தளங்களும் அதே யுஐடி என்பதால் எந்தத் தளம் என்று தெரியவில்லை. போஸ்ட்கேட் கட்டளையால் ஹெடர்களைப் பார்த்தும் பயனில்லை. பிஹெச்பி ஸ்கிரிப்டின் பெயரை ஹெடரில் சேர்க்கும் மெயில்.ஆட்_எக்ஸ்_ஹெடர் அமைப்பு அணைந்திருந்தது.

வழி இது. போஸ்ட்ஃபிக்ஸில் ஆத்தரைஸ்டு_சப்மிட்_யூசர்ஸ் அமைப்பில் வெப் யூசரை விலக்க வேண்டும். அவர் பெயரின் முன் ஆச்சரியக்குறி, பிறகு ஸ்டாட்டிக்:ஆல். அதற்குப் பின் பிஹெச்பியின் மெயில்.லாக் அமைப்பை சிஸ்லாக் என்று வைத்து எஃப்பிஎம்மை ரீலோட் செய்ய வேண்டும். பிஹெச்பி, சென்ட்மெயிலை அழைப்பதற்கு முன்பே இந்த லாகை எழுதுவதால், ஒரு ஸ்பேம்கூட வெளியே போகாமல் ஸ்கிரிப்டின் முழுப் பாதையும் வரி எண்ணும் கிடைத்துவிடும். லாகைத் தனிக் கோப்பில் எழுதச் செய்தால் அந்தக் கோப்பை வெப் யூசரே எழுத முடிய வேண்டும். அப்படியானால் நுழைந்தவரும் அதை அழிக்க முடியும். சிஸ்லாகைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

பாதை ஒரு தளத்தின் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் இருந்த பிஹெச்பி கோப்பைக் காட்டியது. படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய இடம். அதன் எம்டைம் (உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம்) பல ஆண்டுகள் பழையது. எம்டைமை டச் கட்டளையால் எப்படியும் மாற்றலாம். நம்பத் தகுந்தது சிடைம் (உள்ளடக்கமோ உரிமையோ கடைசியாக மாறிய நேரம்). கோப்பின் சிடைமை ஆக்சஸ் லாகுடன் பொருத்தினால், அதே விநாடியில் ஒரு பழைய காண்டாக்ட் ஃபார்ம் ப்ளகினின் கோப்பேற்றும் முகவரிக்கு வந்த போஸ்ட் கோரிக்கை நிற்கிறது. இதற்கு முன்னால் யாராவது பெர்மிஷனைச் சரிசெய்வதாக நினைத்து தளம் முழுவதும் சௌன் -ஆர் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) ஓட்டியிருந்தால் எல்லாக் கோப்புகளின் சிடைமும் அன்றைய தேதிக்கு மாறி இந்தத் தடயம் அழிந்திருக்கும்.

துப்புரவு

ஒரு கோப்பை அழித்ததோடு வேலை முடியாது. யுஐடி 33 எதையெல்லாம் எழுத முடியுமோ அதெல்லாம் சந்தேகத்துக்கு உரியது, அதாவது 12 தளங்களும். டபிள்யூபி-சிஎல்ஐயின் (வேர்ட்பிரஸ் கட்டளைவரிக் கருவி) வெரிஃபை-செக்சம்ஸ் கட்டளை மூலக் கோப்புகளையும், வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் உள்ள ப்ளகின்களையும் சரிபார்க்கும். காசு கொடுத்து வாங்கிய ப்ளகின்களுக்கு அங்கே செக்சம் (ஒப்பிட உதவும் கைரேகை போன்ற எண்) இராது. அவற்றை நீக்கிவிட்டுப் புதிய பிரதி போடுவதே சுருக்கமான வழி. அதன் பின்னும் கையால் பார்க்க வேண்டியவை: எம்யூ-ப்ளகின்ஸ் கோப்புறை (நிர்வாகப் பக்கத்தில் அணைக்க முடியாதபடி தானாக ஓடுவது), .யூசர்.ஐஎன்ஐ கோப்பில் ஆட்டோ_ப்ரீபெண்ட்_ஃபைல் வரி (ஒவ்வொரு பிஹெச்பி பக்கத்துக்கும் முன் ஒரு கோப்பை ஓட்டுவது), புதிதாக முளைத்த நிர்வாகி கணக்குகள், வெப் யூசரின் கிரான்டேப் (குறித்த நேரங்களில் தானாக ஓடுபவற்றின் பட்டியல்).

ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்களும் உண்டு. யுஐடி 33இல் பிஹெச்பி அல்லாத எதுவும் ஓடினால் /பிராக் கீழே அதன் எக்ஸ்இ இணைப்பைப் பார்க்க வேண்டும்; அழிக்கப்பட்டது என்ற குறிப்புடன் இருந்தால் கோப்பை நீக்கிவிட்டு நினைவகத்தில் மட்டும் ஓடுகிறது என்று பொருள். அதைக் கொல்வதற்கு முன் ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறையவைத்து, எக்ஸ்இயை நகல் எடுத்துக்கொள்ளலாம்.

பேக்கப்பிலிருந்து மீட்பதானால், சிடைம் காட்டிய தேதிக்கு முந்தைய பேக்கப் வேண்டும். மீட்ட உடனே அந்தப் பழைய ப்ளகினை நீக்க வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்பதே திறந்த கதவையும் சேர்த்து மீட்டதாகிவிடும்.

இரண்டாம் அலை

தளங்கள் சுத்தமாகி, நல்ல மெயிலுக்காக டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் நீக்கப்பட்டு இரண்டு நாள் கழித்து கியூ மறுபடி ஏறத் தொடங்கியது. இம்முறை பிக்கப் வரிகள் இல்லை. எஸ்எம்டிபிடி, எஸ்ஏஎஸ்எல் யூசர்நேம். ஒரே மெயில் கணக்கு, பல நாட்டு ஐபிகள்.

காரணம் எளியது. வெப் ஷெல்லை (வெப் வழியே சர்வரில் கட்டளை ஓட்ட உதவும் அந்த பிஹெச்பி கோப்பை) வைத்தவர் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பையும் படித்திருப்பார். அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும், டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் எஸ்எம்டிபி ப்ளகினுக்குக் கொடுத்த மெயில் பாஸ்வேர்டு இருக்கும். தளத்தைச் சுத்தம் செய்வதால் அந்தப் பாஸ்வேர்டு மாறுவதில்லை. துப்புரவுப் பட்டியலில் பாஸ்வேர்டு மாற்றம் கடைசியில் நிற்பதை, அல்லது அறவே விடுபடுவதை, இந்த வகை நிகழ்வுகளில் திரும்பத் திரும்பக் காணலாம். ஒரு தளம் உடைந்தால் அந்தத் தளம் அறிந்த எல்லா ரகசியங்களும் அன்றே மாற வேண்டும்: டேட்டாபேஸ், எஸ்எம்டிபி, ஏபிஐ சாவிகள், வேர்ட்பிரஸ் சால்ட்கள் (லாகின் குக்கிகளைக் காக்கும் ரகசியச் சரங்கள்). இங்கே 12 தளங்களும் ஒரே யூசர் என்பதால் 12 தளங்களின் ரகசியங்களும்.

பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழைய பாஸ்வேர்டு கொஞ்ச நேரம் செல்லுபடியாகலாம். டோவ்காட்டில் ஆத் கேஷ் (சரிபார்த்த பாஸ்வேர்டுகளின் தற்காலிகச் சேமிப்பு) இயக்கப்பட்டிருந்தால் அதன் இயல்பான ஆயுள் ஒரு மணி நேரம். டோவ்அட்ம் கட்டளை வழியே ஆத் கேஷைக் காலிசெய்துவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்து திறந்திருக்கும் இணைப்புகளும் விரைவில் முடியும்படி செய்ய வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸின் கிளையன்ட் வேக வரம்புகள் இருந்தும் ஏன் பலனில்லை என்ற கேள்வி எழும். அவை ஐபி வாரியானவை. பல ஐபிகளிலிருந்து வரும் ஒரே கணக்கைப் பிடிக்காது. மைநெட்வொர்க்ஸில் உள்ள முகவரிகளுக்கு இயல்பாகவே விலக்கு உண்டு. சென்ட்மெயில் கட்டளை வழியே வருபவற்றை அவை தொடுவதே இல்லை. கணக்கு வாரியான வரம்புக்கு ஆர்ஸ்பேம்டியின் ரேட்லிமிட் போன்ற ஒன்று தேவை. அதோடு எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ் அமைத்து, ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் தடையையும் சேர்த்தால், ஒரு கணக்கில் நுழைந்தவர் வேறு முகவரியை என்வலப் அனுப்புநராகப் போட முடியாது.

கியூவைப் பிரித்தல்

போஸ்ட்கியூ -ஜே கியூவை ஜேசன் வடிவில் தரும்; போஸ்ட்ஃபிக்ஸ் 3.1 முதல் உண்டு. அனுப்புநர் முகவரியைக் கொண்டு ஜேகியூ கருவியால் வடிகட்டி, ஐடிகளை போஸ்ட்சூப்பர் -டி கட்டளைக்குக் குழாய் வழியே கொடுக்கலாம். முதலில் ஐடிகளை ஒரு கோப்பில் எழுதி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றைத் திறந்து பார்த்த பிறகே அழிக்க வேண்டும். எனேபிள்_லாங்_கியூ_ஐடிஸ் அமைப்பு நோ என்றிருந்தால் குறுகிய கியூ ஐடிகள் மறுபடி பயன்படும். காலையில் எடுத்த பட்டியலை மாலையில் ஓட்டினால், அதே ஐடியில் வந்து சேர்ந்த நல்ல மெயில் ஒன்று அழியக்கூடும். வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் அமைப்பை யெஸ் என்று மாற்ற ஒரு வரிதான் தேவை.

மிஞ்சிய நல்ல மெயிலைப் பெரிய ஹெச் கொண்டு ஹோல்டிலிருந்து விடுவிக்கலாம். விடுவித்ததும் காலாவதிக் கணக்கு மீண்டும் அமலாகும்: வந்து ஐந்து நாள் தாண்டிய மெயில் முதல் முயற்சியில் 4xx (தற்காலிக மறுப்பு) வாங்கினாலே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். அந்த அளவு தாமதமானால் மேக்ஸிமல்_கியூ_லைஃப்டைம் மதிப்பைத் தற்காலிகமாக உயர்த்திவிட்டு விடுவிக்க வேண்டும். ஜிமெயிலுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளுவதும் தவறு. மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் மெதுவான டிரான்ஸ்போர்ட் ஒன்றை உருவாக்கி, அதன் ரேட்_டிலே மதிப்பை ஒரு விநாடி என்று வைத்து, டிரான்ஸ்போர்ட் மேப்பில் அந்த டொமைனை அதற்குத் திருப்பலாம்.

பெயரை மீட்டல்

கறுப்புப் பட்டியலிலிருந்து ஐபியை நீக்கும் கோரிக்கை, கசிவு அடைபட்டு கியூ காலியான பிறகே போக வேண்டும். முன்னரே நீங்கி மறுபடி ஏறினால் அடுத்த கோரிக்கைக்கு மதிப்பு குறையும். இரண்டாம் அலை வந்த இந்த நிகழ்வில் நடந்தது அதுவே.

ஸ்பேம்ஹவுஸின் ஜென் கறுப்புப் பட்டியலில் ஐபியைத் தேடினால் வரும் விடை 127.0.0.3 என்றால் சிஎஸ்எஸ் (ஸ்பேம் அனுப்பும் ஐபிகள்), 127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல் (கைப்பற்றப்பட்ட இயந்திரங்கள்), 127.0.0.10 அல்லது 11 என்றால் பிபிஎல் (நேரே மெயில் அனுப்பக் கூடாத ஐபிகள்). சர்வரின் ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தருவது) 8.8.8.8 போன்ற பொது ரிசால்வராக இருந்தால் 127.255.255.254 வரும், அது கேள்வி ஏற்கப்படவில்லை என்ற குறிப்பு மட்டுமே. போஸ்ட்ஃபிக்ஸில் ஆர்பிஎல் (கறுப்புப் பட்டியல்) விதியை விடை வடிகட்டாமல் எழுதியிருப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. ரிசால்வர் மாறிய அன்று, வரும் மெயில் எல்லாம் ஸ்பேம் எனத் திருப்பப்படும். மெயில் சர்வரில் அன்பவுண்டு போன்ற சொந்த ரிசால்வர் இருக்க வேண்டும்.

புது ஐபி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். அந்த வழி இங்கே பாதிதான் உதவும். நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் (சென்ட்மெயில் கட்டளை வழியே வரும் மெயிலுக்கான வடிகட்டிகள்) அமைப்பில் ஆர்ஸ்பேம்டி இணைந்திருந்ததால், ஃப்ரம் முகவரியில் வாடிக்கையாளரின் டொமைனைப் போட்டுப் போன ஸ்பேம் முழுவதும் அந்த டொமைனின் டிகிம் கையெழுத்துடன் (டொமைனின் பொறுப்பைக் காட்டும் முத்திரை) போயிருக்கிறது. கெட்ட பெயர் ஐபியோடு நிற்காமல் டொமைனிலும் ஒட்டியிருக்கிறது; ஐபி மாறினாலும் அது கூடவே வரும். கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைச் சேர்த்து, ஸ்பேம் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடாமல், கூடுமானால் 0.1க்குக் கீழே இருக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பதிவு), டிகிம், டிமார்க் (அவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்ற பதிவு) மூன்றையும் ஜிமெயில் கட்டாயமாக்கியிருக்கிறது. எஸ்பிஎஃப் பதிவில் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினால் பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) ஆகிவிடும். இன்க்ளூட்கள் பெருகிய பழைய பதிவுகளில் இது கண்ணில் படாமல் கிடக்கும்.

மாற்றி அமைத்தவை

தளத்துக்கு ஒரு யூசர், ஒரு எஃப்பிஎம் பூல் (தனி பிராசஸ் குழு). இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை. உடைந்தால் ஒன்று மட்டும் உடையும். பிக்கப் வரியின் யுஐடியே தளத்தின் பெயரைச் சொல்லிவிடும். ஆத்தரைஸ்டு_சப்மிட்_யூசர்ஸ் தடை நிரந்தரமாகிறது. தளங்கள் மெயில் அனுப்ப 587ஆம் போர்ட்டில் தமக்கென உருவாக்கிய கணக்கைப் பயன்படுத்தும். மனிதர் யாரும் படிக்காத, நாளுக்கு இத்தனை என்ற வரம்புள்ள கணக்கு. அந்த மெயில் தனித் துணை டொமைனில், தனி டிகிம் சாவியுடன், முடிந்தால் தனி ஐபி வழியாகப் போகும். அந்த ஐபிக்கும் பிடிஆர் பதிவும் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டுவது) அதோடு பொருந்தும் ஹெலோ பெயரும் (மெயில் சர்வர் தன்னை அறிமுகம் செய்யும் பெயர்) வேண்டும்.

என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) ஒரு விதி: வெளியே 25ஆம் போர்ட்டுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் யூசரைத் தவிர எவரும் போகக் கூடாது. லூப்பேக்கில் (127.0.0.1) தள யூசர்களுக்கும் 25 அடைபடுகிறது. எஞ்ஜின்எக்ஸில் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் பிஹெச்பி ஓடாதபடி ஒரு லொகேஷன் விதி; அது பொதுவான பிஹெச்பி விதிக்கு மேலே நிற்க வேண்டும், ஏனெனில் ரெகெக்ஸ் (வடிவப் பொருத்த) விதிகளில் முதலில் பொருந்துவதே வெல்லும்.

எஃப்பிஎம் சர்வீஸை இறுக்கும்போது சிஸ்டம்டியின் நோநியூப்ரிவிலேஜஸ் (ஓடும் நிரல் கூடுதல் உரிமை பெறாமல் தடுப்பது) சேர்த்தால் சென்ட்மெயில் கட்டளை வேலை செய்யாது. அது அழைக்கும் போஸ்ட்டிராப் நிரல் செட்ஜிஐடி உரிமையில் (அழைத்தவரின் குழுவில் அல்லாமல் தன் குழுவின் உரிமையில்) ஓடுவது. அந்த உரிமை மறுக்கப்பட்டதும் மெயில்டிராப் கோப்புறையில் எழுத முடியாமல் லாகில் பெர்மிஷன் பிழையைக் கொட்டியபடி திரும்பத் திரும்ப முயலும். எல்லாத் தளங்களும் 587க்கு மாறிய பிறகே அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.

கண்காணிப்புக்கு மூன்று எண்கள் போதுமானவை: டிஃபர்டு கியூவின் அளவு, மணிக்கு எத்தனை பிக்கப் வரிகள், ஒரு எஸ்ஏஎஸ்எல் கணக்கு மணிக்கு எத்தனை வெவ்வேறு ஐபிகளிலிருந்து நுழைகிறது. எச்சரிக்கை எல்லையை அந்தச் சர்வரின் சாதாரண வாரம் ஒன்றை அளந்தே வைக்க வேண்டும். எச்சரிக்கையை அதே சர்வரின் மெயில் வழியாக அனுப்பக் கூடாது. கியூ நிரம்பிய நேரத்தில் அந்த மெயிலும் அதே வரிசையில்தான் நிற்கும்.